பெருந்தொற்றின் முதல் வாரங்கள்: அறிவிப்புக்குக் காத்திராமல் வீட்டில் செய்ய வேண்டியவை

எங்கோ ஒரு நகரத்தில் காரணம் தெரியாத நிமோனியா என்று நான்கு வரிச் செய்தி ஒன்று வரும். படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். 2019 டிசம்பர் 31 அன்று சீனாவின் வூகான் நகரிலிருந்து வந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. 2020 ஜனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பன்னாட்டுப் பொது சுகாதார அவசரநிலையாக அறிவித்தது. அந்த நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று சொன்னது மார்ச் 11 அன்றுதான். முதல் செய்திக்கும் அந்தச் சொல்லுக்கும் நடுவே 71 நாட்கள் ஓடிவிட்டன.

அந்த 71 நாட்களைப் பெரும்பாலான குடும்பங்கள் வேடிக்கை பார்த்தே கழித்தன. பயமும் அலட்சியமும் மாறி மாறி வந்தனவே தவிர, உட்கார்ந்து யோசித்துத் தயாரானவர்கள் குறைவு. இந்த வழிகாட்டி அந்த இடைவெளிக்கானது. சுவாசத்தின் வழியே பரவும் புதிய வைரஸ் ஒன்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கோவிட்-19 காலத்தில் மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றவைதான் இதில் பெரும்பகுதி.

படி 1: இரட்டிப்புக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மற்ற எல்லாப் படிகளும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே ஒரு தாளை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கட்டுப்பாடு எதுவும் இல்லாதபோது தொற்று 3 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வையுங்கள். 2020 மார்ச்சில் பல நகரங்களில் ஏறக்குறைய இந்த வேகம்தான் இருந்தது. இன்று 10 பேர் என்றால் 30 நாளில் 10 முறை இரட்டிப்பாகி 10,240 பேர். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். கடைசி ஒரு வாரத்தில் எல்லாம் கையை மீறிப் போகும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். நீங்கள் செய்தியில் பார்க்கும் எண், இன்றைய எண் அல்ல. ஒருவர் உடம்பில் வைரஸ் நுழைந்து, அறிகுறி தோன்றி, அவர் பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, அது கணக்கில் ஏறுவதற்குள் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிவிடும். இறப்பு இன்னும் தாமதமாகவே தெரியவரும். 100 பேரில் ஒருவரைக் கொல்லும் நோய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் முதல் மரணம் இன்று நடந்திருக்கிறது. அப்படியானால் சுமார் 3 வாரத்துக்கு முன்பே ஏறத்தாழ 100 பேருக்குத் தொற்று இருந்திருக்க வேண்டும். 21 நாளில் 7 இரட்டிப்புகள். இன்று அந்த எண்ணிக்கை 12,800 ஆக இருக்கக்கூடும். ஒரே ஒரு மரணம்தானே என்று நாம் ஆறுதல் அடைகிற அதே நாளில் நிலைமை அப்படி இருக்கும்.

1918 இன்ஃப்ளூயன்சா காலத்தில் அமெரிக்காவின் இரண்டு நகரங்கள் இந்தக் கணக்கை உயிர்களால் எழுதிக் காட்டின. ஃபிலடெல்ஃபியாவில் நோய் தென்பட்ட பிறகும் செப்டம்பர் 28 அன்று போர்நிதி ஊர்வலம் நடந்தது. சுமார் 2 லட்சம் பேர் தெருவில் கூடினார்கள். அடுத்த சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. பள்ளிகளையும் கூட்டங்களையும் மூட அக்டோபர் 3 ஆகிவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் பொதுமக்களிடையே முதல் நோயாளிகள் தெரிந்தது அக்டோபர் 5 வாக்கில். இரண்டே நாளில், அக்டோபர் 7 அன்று, கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. நோய் உச்சத்தில் இருந்தபோது செயின்ட் லூயிஸின் இறப்பு விகிதம் ஃபிலடெல்ஃபியாவில் இருந்ததில் எட்டில் ஒரு பங்குதான். வைரஸ் ஒன்றேதான். இரண்டு ஊருக்கும் வேறுபாடு, எந்தக் கட்டத்தில் கதவைச் சாத்தினார்கள் என்பது.

படி 2: செய்தியிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்

புதிய நோய் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் இந்த ஐந்துக்கு அதில் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த வழியாகப் பரவுகிறது? தொற்றிய எத்தனை நாளில் அறிகுறி வருகிறது? அறிகுறி வருவதற்கு முன்பே அவர் பிறருக்குப் பரப்புகிறாரா? யாரை அதிகம் தாக்குகிறது? எத்தனை பேர் இறக்கிறார்கள்?

பெரும்பாலோர் ஐந்தாவது கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் தலையாயது. 2003-ல் வந்த சார்ஸ் நோயில், நோய் முற்றி நோயாளி படுக்கையில் விழுந்த பிறகுதான், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான், அதிகமாகப் பரப்பினார். அதனால் காய்ச்சல் உள்ளவர்களைக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியே அந்த நோயை நிறுத்த முடிந்தது. 8,098 பேருக்கு வந்து 774 பேரைப் பலிகொண்டபின், அதே ஆண்டு ஜூலையில் அது அடங்கியது. கோவிட் அப்படியில்லை. அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுவார். வாசலில் நெற்றியைக் குறிபார்த்த தெர்மாமீட்டர்கள் அவரைப் பிடிக்கவில்லை. மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்துவிட்டால், நலமாகத் தெரிகிறவரிடமிருந்தும் தொற்றலாம் என்று எண்ணியே நடக்க வேண்டும்.

இறப்பு விகிதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆரம்பத்தில் சொல்லப்படும் எந்த விகிதமும் நிலைத்ததில்லை. லேசான நோயாளிகள் கணக்கில் வராததால் விகிதம் கூடுதலாகத் தெரியலாம். இன்று படுக்கையில் இருப்பவர்களின் முடிவு தெரியாததால் குறைவாகவும் தெரியலாம். சார்ஸ் தொடக்கத்தில் 4 விழுக்காடு என்றார்கள், முடிவில் அது 10-ஐ நெருங்கியது. 2009-ல் வந்த எச்1என்1 காய்ச்சல் முதலில் மிரட்டி, பின்னர் அஞ்சிய அளவுக்கு இல்லை என்று தெரிந்தது. வயதைப் பற்றியும் முன்முடிவு வேண்டாம். கோவிட் முதியவர்களைத் தேடிப் பிடித்தது, 1918-ல் வந்த காய்ச்சலோ 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கொத்துக் கொத்தாக வாரிக்கொண்டு போனது.

படி 3: ஒரு தாளில் கோடு கிழித்து வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

நிலைமை முற்றும்போது மனிதனால் தெளிவாக முடிவெடுக்க முடியாது. இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் போய்விட்டு வருவோம் என்று மனம் பேரம் பேசும். அதனால் அமைதியாக இருக்கும்போதே, 'இது நடந்தால் நாம் இதைச் செய்வோம்' என்று வீட்டார் எல்லோரும் கூடி எழுதிவிட வேண்டும். மூன்று கோடுகள் போதும்.

முதல் கோடு: மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று எந்த நாட்டிலாவது உறுதியானால், வீட்டுச் சாமான்களையும் மருந்துகளையும் சேர்க்கத் தொடங்குவோம். இரண்டாம் கோடு: வெளியூர்ப் பயணம் செய்யாத, நோயாளி யாரையும் சந்தித்ததாகத் தெரியாத ஒருவருக்கு நம் பகுதியில் தொற்று வந்தால், அன்றே மூடிய இடங்களில் முகக்கவசம், முதியவர்களுக்குக் கூட்டம் வேண்டாம். அந்த ஒருவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சங்கிலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றாம் கோடு: மருத்துவமனைகளில் படுக்கை கிடைப்பது சிரமம் என்ற நிலை வந்தால், அத்தியாவசியம் தவிர யாரும் வெளியே போவதில்லை.

அதே தாளின் பின்பக்கத்தில் வேறு சில விவரங்கள். வீட்டில் யார் மிகவும் பலவீனமானவர்: வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி, இதயம், சிறுநீரகம், நுரையீரலில் கோளாறு உள்ளவர், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர். ஒருவர் படுத்துவிட்டால் யார் கவனிப்பார், அவரும் படுத்துவிட்டால் அடுத்து யார். ஒவ்வொருவரும் எடுக்கும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாமை, ரத்த வகை, மருத்துவரின் எண். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது இவற்றை நினைவிலிருந்து சொல்ல முடியாது.

தனியாக வாழ்பவர்கள், தினமும் குறித்த நேரத்தில் அழைக்க ஒருவரை இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அழைப்பை எடுக்காவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பேசிவிடுங்கள்.

படி 4: சேர்த்து வையுங்கள், பதுக்காதீர்கள்

இரண்டு வார உணவு, வழக்கமாக எடுக்கும் மருந்துகள் ஒரு மாதத்துக்கு. இதற்கு மேல் வேண்டாம். இரண்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. கோவிட் நோயாளியோடு பழகியவர்களை 14 நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள், அந்த நாட்களில் கடைக்குப் போகாமல் சமாளிக்க வேண்டும். ஒரே நாளில் அள்ளாமல், ஒவ்வொரு முறை கடைக்குப் போகும்போதும் கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் அலமாரிகள் காலியாகாது.

தெர்மாமீட்டர், பல்ஸ் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் சிறு கருவி), பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட்டுகள், சோப்பு, ஆளுக்குச் சில என்95 தர முகக்கவசங்கள். ஒரு முகக்கவசத்தை அணிந்தபின் காகித உறையில் சில நாள் காற்றாட வைத்து, சுழற்சி முறையில் மறுபடி பயன்படுத்தலாம். தட்டுப்பாடு தொடங்கிவிட்டது என்றால் அதன்பின் வாங்காதீர்கள். 2020-ன் தொடக்கத்தில் நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து வேலை செய்த செவிலியர்களுக்கே முகக்கவசம் போதவில்லை. அந்த நிலை இன்னொரு முறை வரக்கூடாது.

படி 5: காற்றைக் கவனியுங்கள்

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர், பயிற்சி இரண்டரை மணி நேரம். அவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கவில்லை, கட்டியணைக்கவில்லை. ஒருவருக்கு மட்டும் சளிபோல ஏதோ இருந்தது. பின்னர் மேலும் 52 பேர் நோயுற்றார்கள், இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் கைகளைக் காத்தார்கள், வைரஸ் காற்றில் வந்தது.

அதே மாத இறுதியில்கூட, இது காற்றில் பரவும் நோய் அல்ல என்றே உலக சுகாதார நிறுவனம் அழுத்திச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நிலைப்பாடு தெளிவாக மாற ஓராண்டுக்கு மேல் ஆனது. அதுவரை உலகம் காய்கறிப் பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தது, ஜன்னல்கள் மூடியே கிடந்தன. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. ஆகவே அடுத்த முறை, சுவாச நோய் என்று தெரிந்தாலே, காற்றில் பரவும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். இல்லை என்று பின்னால் தெரிந்தால், ஜன்னலைத் திறந்து வைத்ததால் எந்த நட்டமும் இல்லை.

எளிய வழி ஒன்று: எதிரில் இருப்பவர் புகைபிடிக்கிறார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் புகை உங்கள் மூக்குக்கு எட்டுமா? திறந்த வெளியில் ஓரடி தள்ளி நின்றாலே பெரும்பாலும் கலைந்துவிடும். மூடிய ஏசி அறையில் மூலையில் உட்கார்ந்தாலும் வந்து சேரும், அவர் எழுந்து போன பிறகும் நிற்கும். வைரஸ் சுமந்த நுண்துளிகளும் ஏறக்குறைய அப்படியே நடந்துகொள்கின்றன. சத்தமாகப் பேசினால், பாடினால், மூச்சிரைத்தால் புகை அதிகம்.

எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் காற்று குறுக்கே ஓடும். ஒரே ஜன்னல்தான் என்றால் மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்து உள்காற்றைத் தள்ளுங்கள். கார்பன் டை ஆக்சைடு மானி கிடைத்தால் நல்லது. வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். அறையில் 800-ஐத் தாண்டினால், மற்றவர்கள் விட்ட மூச்சை நீங்கள் இழுக்கிறீர்கள், ஜன்னலைத் திறக்க வேண்டிய நேரம். முகக்கவசத்தில் துணியைவிடப் பொருத்தம் பெரிது. மூக்கின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் என்95 கூட வெறும் அலங்காரம்தான். தாடி இருந்தாலும் சரியாகப் பொருந்தாது.

தொற்றிய எல்லோரும் சமமாகப் பரப்புவதில்லை. கோவிட்டில் சிறு பங்கினரே பெரும்பாலான தொற்றுக்குக் காரணமாக இருந்தார்கள், அதுவும் மூடிய, நெரிசலான, நீண்ட நேரக் கூட்டங்களில். உங்களால் ஒன்றைத்தான் கைவிட முடியும் என்றால் அந்த வகைக் கூட்டத்தைக் கைவிடுங்கள்.

கை கழுவுவதற்கும் இடம் உண்டு. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். கொரோனா, இன்ஃப்ளூயன்சா போன்றவை கொழுப்பு உறை போர்த்தியவை, சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும். சானிடைசர் என்றால் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் வேண்டும். வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸுக்கு அந்த உறை கிடையாது. அங்கே சானிடைசரை நம்பாமல் சோப்பும் நீரும்தான்.

படி 6: வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால்

நோயாளிக்கு ஜன்னல் உள்ள அறை. ஜன்னல் திறந்திருக்கட்டும், வீட்டுப் பக்கக் கதவு சாத்தியிருக்கட்டும். ஒரே ஒருவர் மட்டும் கவனிக்கட்டும், பலவீனமானவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். உள்ளே போகும்போது இருவருக்கும் முகக்கவசம். கழிப்பறை ஒன்றுதான் என்றால் நோயாளி கடைசியாகப் பயன்படுத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு வரட்டும். பாத்திரங்களுக்கு வழக்கமான சோப்பே போதும். தரையைத் துடைக்க 5 விழுக்காடு பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 49 பங்கு கலந்தால் போதிய வலிமை கிடைக்கும். அதோடு ஆசிட்டையோ அம்மோனியா கலந்த எந்தத் திரவத்தையுமோ சேர்த்துவிடாதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள். அறிகுறி தொடங்கிய தேதி முதல் வரி. அந்தத் தேதிதான் மருத்துவர் முதலில் கேட்பது. பிறகு நாளுக்கு மூன்று வேளை காய்ச்சல், ஆக்சிஜன், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. ஆக்சிமீட்டரைப் பயன்படுத்துமுன் நோயாளி ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரட்டும். கை வெதுவெதுப்பாக இருக்கட்டும், நகப்பூச்சு வேண்டாம், எண் நிலைக்கும்வரை பொறுங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், எண் மெல்ல இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள். 90-க்குக் கீழே என்றால் யோசிக்காமல் மருத்துவமனை.

கோவிட் நமக்குக் காட்டிய மிகக் கொடிய முகம், மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் சரிந்தது. போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களின் அளவு 80-களில் இருந்தது. இன்னொன்று, முதல் நான்கைந்து நாளில் காய்ச்சல் தணிந்து, இனிப் பயமில்லை என்று நினைக்கும்போது, ஐந்து முதல் பத்தாம் நாளுக்குள் சிலருக்கு நிலைமை திடீரென்று மோசமானது. புதிய நோயிலும் இப்படி ஒரு இரண்டாம் கட்டம் இருக்கலாம். முதல் வாரம் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள்.

மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், உதடு நீலம் பாய்வது, குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாமல் கிடப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும், ஆக்சிமீட்டர் என்ன சொன்னாலும், உதவியை அழையுங்கள். குழந்தை என்றால் மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்கிடையே குழி விழுகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா என்று பாருங்கள்.

நீராகாரம் நிறைய வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு தப்பக்கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், நலமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஈரல் கோளாறோ எடைக்குறைவோ இருந்தால் அதற்கும் கீழே. சளி மாத்திரை பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் தரவே வேண்டாம்.

படி 7: அவசர மருந்துகளிடம் எச்சரிக்கை

முதல் மாதங்களில் மருந்தே இல்லாத வெறுமை இருக்கும், அந்த வெறுமைக்குள் ஆயிரம் வைத்தியங்கள் வந்து நுழையும். 2020-ல் பெரிதும் பேசப்பட்ட மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், பிரிட்டனின் ரிகவரி ஆய்வில் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பலன் தரவில்லை என்று ஜூனில் தெரிந்தது. அதே மாதம், அதே ஆய்வு, பழைய மலிவான ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. அந்தச் செய்தியின் அடுத்த வரியைப் பலர் படிக்கவில்லை: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை, தீங்குகூட இருக்கலாம். உயிர்காத்த அதே மாத்திரையை முதல் நாளிலேயே விழுங்கினால் கதை வேறாகும்.

ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. மருத்துவர் காரணம் சொல்லிக் கொடுத்தாலொழிய வேண்டாம். சாராயம் கிருமியைக் கொல்லும் என்ற வதந்தியால் ஈரானில் மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

படி 8: அறிவுரை மாறும்போது

மாறத்தான் செய்யும். பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 3 அன்றும், உலக சுகாதார நிறுவனத்தில் ஜூன் 5 அன்றும் அது மாறியது. மாறியதே பொய் என்பதற்குச் சான்று ஆகாது. ஏன் மாறியது என்று காரணம் சொல்கிறார்களா, என்ன தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார்களா என்று பாருங்கள். அப்படிச் சொல்கிறவர்களை நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வரும் குரல்பதிவுக்கு முகம் கிடையாது, நாளை அதைத் திருத்தச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை செய்தி பார்த்தால் போதும்.

படி 9: நோயாளியை ஒளியவைக்காதீர்கள்

அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு வந்துவிட்டது என்றால் முதலில் எழுவது பயம், பிறகு பழி. பழிக்கு அஞ்சியவர் இருமலை மறைப்பார், பரிசோதனைக்குப் போகமாட்டார், சந்தித்தவர்களின் பெயரைச் சொல்லமாட்டார். சங்கிலி அங்கேதான் நீளும். அவர் கதவருகே சாமான்களை வைத்துவிட்டு அழைத்துச் சொல்வது கருணை மட்டுமல்ல, தொற்றைத் தடுக்கும் வேலையும்கூட. நீங்களும் தினமும் இரவு இரண்டு வரி எழுதி வையுங்கள்: இன்று எங்கே போனேன், யாரோடு மூடிய இடத்தில் இருந்தேன். உங்களுக்கே தொற்று வந்தால் அரை மணி நேரத்தில் எல்லோரையும் எச்சரிக்க அது உதவும்.

இவ்வளவும் எவ்வளவு காலத்துக்கு? கோவிட் வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 வாக்கில் உலகுக்குக் கிடைத்தது. மார்ச் 16 அன்று முதல் தடுப்பூசி ஆய்வு ஊசி போடப்பட்டது. டிசம்பர் 8 அன்று பிரிட்டனில் பொதுமக்களுக்குப் போடத் தொடங்கினார்கள். வரலாறு காணாத வேகம் அது, அப்படியும் ஏறக்குறைய 11 மாதம். அவ்வளவு காலமும் எல்லாக் கட்டுப்பாட்டையும் முழுதாகப் பிடித்துக்கொண்டிருக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. படி 3-ல் எழுதிய தாளின் மேல் தேதி போட்டு, 15 நாளுக்கு ஒருமுறை எல்லோரும் உட்கார்ந்து திருத்துங்கள். தொற்று குறையும்போது எதை முதலில் தளர்த்துவது என்றும் அதிலேயே எழுதுங்கள். திறந்த வெளியில் பிள்ளைகள் விளையாடுவதை முதலிலும், மூடிய அரங்குகளைக் கடைசியிலும் வைப்பேன் நான்.